கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தாவுக்கு எத்தனை மணித்தியாலம்? உம்ராப் பயணிகள் அறிந்திருக்க வேண்டிய கணக்கு

"ஜித்தாவுக்கு எத்தனை மணித்தியாலம்?" உம்ராவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பதில்களோ ஆளுக்கொன்றாக வருகின்றன. ஏஜென்சிக்காரர் "அஞ்சரை மணித்தியாலம்" என்பார். கையடக்கத் தொலைபேசியில் தேடிப் பார்த்த மகன் "5 மணித்தியாலம் 20 நிமிடம்" என்பார். டிக்கட்டைப் பார்த்த மருமகன் "பத்து மணிக்கு வெளிக்கிட்டு ஒன்றரைக்கு இறங்குது, மூன்றரை மணித்தியாலம்தான்" என்பார். போய் வந்த சாச்சாவோ "வீட்டிலிருந்து ஹோட்டலுக்குப் போய்ச் சேர ஒன்றரை நாள் போச்சு" என்பார்.

நால்வரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு ஒன்றை அளக்கிறார்கள். பல ஆண்டுகள் பாடசாலையில் புவியியல் கற்பித்தவன் என்பதால் எங்கள் ஊரில் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. இது வெறும் பொது அறிவுக் கேள்வியும் அல்ல. இஹ்ராம் எங்கே அணிவது, நோன்பு எப்போது திறப்பது, இன்சுலின் எப்போது போடுவது, எழுபது வயது உம்மாவை எந்த விமானத்தில் அனுப்புவது என்பவை எல்லாம் இந்தக் கணக்கில்தான் தங்கியிருக்கின்றன. ஆகவே அதைப் படிப்படியாக விளக்க விரும்புகிறேன்.

தூரம்: 4,650 கிலோமீற்றர்

கட்டுநாயக்க பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் வடக்கு அகலாங்கு ஏறத்தாழ 7.2 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 79.9 பாகையிலும் இருக்கிறது. ஜித்தா மன்னர் அப்துல் அஸீஸ் சர்வதேச விமான நிலையம் வடக்கு 21.7 பாகையிலும் கிழக்கு 39.2 பாகையிலும் இருக்கிறது. பூமி உருண்டை என்பதை மனதில் வைத்து இவ்விரு புள்ளிகளுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர் வரும். கடல்மைலில் சொன்னால் 2,510.

ஒரு தோடம்பழத்தில் இரண்டு புள்ளிகளை வைத்து, அவற்றுக்கிடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் படியும் வழிதான் மிகக் குறுகிய வழி. விமானங்கள் இயன்றவரை இந்த வழியைத்தான் பின்பற்ற முயல்கின்றன.

நமக்கு இதில் ஒரு சுவையான விடயம் உண்டு. கிப்லாவின் திசையைக் கணக்கிடுவதும் இதே முறையில்தான். மேற்குப் பகுதியில் இருந்து கஃபாவை நோக்கினால் அது நேர் மேற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 25 பாகை விலகி இருக்கிறது. ஜித்தாவுக்கான விமானப் பாதையும் கட்டுநாயக்கவில் கிட்டத்தட்ட அதே திசையில்தான் தொடங்குகிறது. அதாவது நேரடி விமானத்தில் போகும்போது பயணத்தின் பெரும்பகுதியில் விமானத்தின் முன்பக்கமே ஏறக்குறைய கிப்லாவின் பக்கம். திரும்பி வரும்போது அது பின்பக்கம். டுபாய், தோஹா வழியாகப் போகிறவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. அவர்கள் முன் இருக்கையில் உள்ள திரையில் வரைபடத்தைப் பார்த்து அறிந்துகொள்ளலாம்.

ஆனால் விமானம் எழும்பும்போது கிப்லாவை நோக்கி எழும்பாது. கட்டுநாயக்கவின் ஓடுபாதை வடகிழக்கு, தென்மேற்காகக் கிடக்கிறது. காற்றைப் பொறுத்து இந்த இரண்டில் ஒரு பக்கம் எழும்பி, பிறகுதான் திரும்ப வேண்டும். இறங்கும்போதும் ஜித்தாவில் ஓடுபாதையின் திசைக்கு ஏற்ப வளைந்துதான் இறங்கும். ஆகவே நாம் கணக்கிட்ட நேர்கோட்டை விட உண்மையில் பறக்கும் தூரம் எப்போதும் கொஞ்சம் கூடுதல்.

பாதை எதன் மேலாகப் போகிறது?

அந்த நூலை வரைபடத்தில் தொடர்ந்து போனால் அது மன்னார் வளைகுடாவைக் கடந்து, கிட்டத்தட்ட கேரளாவின் திருவனந்தபுரத்துக்கு மேலாகவே போகிறது. அதன் பிறகு அரபிக் கடல்தான். ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர் கடலைத் தாண்டி ஓமானின் ஸலாலா நகருக்கு அண்மையில் மீண்டும் தரை தெரியும். அதன் பின் யெமனின் வடகிழக்குப் பாலைவன மூலையைத் தொட்டு, சவூதியின் ரூபுல் காலி பாலைவனத்தின் ஓரமாகத் தாயிப் மலைகளை நோக்கிப் போகிறது அந்தக் கோடு.

இங்கேதான் கோட்டுக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு வருகிறது. 2015இல் யெமனில் போர் தீவிரமடைந்த பிறகு பெரும்பாலான விமான நிறுவனங்கள் அந்நாட்டு வான்பரப்பைத் தவிர்த்து வருகின்றன. எனவே விமானம் கொஞ்சம் வடக்கே ஒதுங்கி, ஓமானுக்கு மேலாகப் போய் சவூதிக்குள் நுழைகிறது. பூமியில் தூரம் மாறவில்லை, பாதைதான் நீள்கிறது.

இதற்கு இன்னும் பெரிய உதாரணம் கட்டார். 2017 ஜூன் மாதம் சவூதி, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகள் கட்டாருடன் உறவைத் துண்டித்தன. சவூதியின் வான்பரப்பு கட்டார் விமானங்களுக்கு மூடப்பட்டது. தோஹாவிலிருந்து ஜித்தா வெறும் 1,330 கிலோமீற்றர்தான். ஆனாலும் 2021 ஜனவரி வரை, மூன்றரை ஆண்டுகளாக, அந்த வழியில் நேரடிச் சேவை இருக்கவில்லை. 2025 ஜூன் மாதத்திலும் வளைகுடாவில் பதற்றம் கூடிய வேளையில் கட்டார் தனது வான்பரப்பைத் தற்காலிகமாக மூடியது. அன்று எத்தனையோ பயணிகள் நடுவழியில் நின்றார்கள். ஆக, எத்தனை மணித்தியாலம் என்ற கேள்விக்கு வரைபடம் சொல்வது பாதிப் பதில்தான். மீதிப் பாதி அரசியலின் கையில் இருக்கிறது.

பறக்கும் நேரம்: ஏன் ஆளுக்கொரு விடை?

ஜெட் விமானம் ஒன்று உயரத்தில் சீராகப் பறக்கும்போது அதன் வேகம் மணித்தியாலத்துக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வரை இருக்கும். 870 என்று வைத்துக்கொள்வோம். 4,650ஐ 870ஆல் வகுத்தால் 5 மணித்தியாலம் 21 நிமிடம். தூரம் பார்க்கும் இணையத்தளங்கள் சொல்வது ஏறத்தாழ இதைத்தான். மகனின் பதில் இங்கிருந்து வந்தது.

ஆனால் விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும் அந்த வேகத்தில் போவதில்லை. நான் மேலே சொன்ன வளைவுகளும் ஒதுங்கல்களும் இருக்கின்றன. அத்தோடு டிக்கட்டில் போடும் நேரம் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும் நேரம் அல்ல. விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரத் தொடங்கும் நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் தரிப்பிடத்தில் நிற்கும் நேரம் வரைக்கும்தான் நிறுவனங்கள் கணக்கிடுகின்றன. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். இவற்றையும் சேர்த்தால் போகும் பயணம் ஏறத்தாழ 6 மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது. திரும்பி வருவது பெரும்பாலும் அதைவிட அரை மணித்தியாலம் அளவில் குறைவாக இருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? காற்று. விமானம் காற்றுக்குள் நீந்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வீசினால் தரையைப் பொறுத்து அதன் வேகம் 820 ஆகக் குறையும். அப்போது 5 மணித்தியாலம் 40 நிமிடம் வேண்டும். அதே காற்று முதுகுப் பக்கமிருந்து தள்ளினால் வேகம் 920. நேரம் 5 மணித்தியாலம் 3 நிமிடம். இரண்டுக்கும் இடையில் 37 நிமிடம். குளிர்காலத்தில் அரேபியாவுக்கு மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வலுவான காற்று வீசுகிறது. அது போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை நிலைமை வேறு. தரையருகே தென்மேற்குப் பருவக்காற்று நம்மை நோக்கி வீசும்போது, தென்னிந்தியாவுக்கும் அரபிக் கடலுக்கும் மேலே மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக இன்னொரு காற்றோட்டம் ஓடுகிறது. அந்தக் காலத்தில் போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும் இடையிலான வித்தியாசம் குறைந்துவிடும்.

காற்றைக் கணக்கிட்டுப் பயணம் செய்வது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. அரபு வணிகர்கள் இந்தத் தீவுக்கு வந்ததும் திரும்பியதும் பருவக்காற்றை நம்பித்தான். 1344இல் இங்கே வந்த இப்னு பதூதாவும் அதே காற்றின் துணையோடு பயணித்தவர்தான். நீராவிக் கப்பல் வந்த பின்னரும் கொழும்பிலிருந்து ஏடன் வழியாக ஜித்தாவுக்கு ஏறத்தாழ 2,800 கடல்மைல். மணிக்கு 12 கடல்மைல் ஓடும் கப்பல் நிற்காமல் போனாலும் பத்து நாள் எடுக்கும். நம் பாட்டன்மார் பத்து நாளில் கடந்ததை நாம் லுஹருக்கும் இஷாவுக்கும் இடையில் கடக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ்.

டிக்கட்டில் உள்ள மூன்றரை மணித்தியாலம்

இனி மருமகனின் கணக்கு. டிக்கட்டில் இருப்பது அந்தந்த நாட்டு நேரம். இலங்கை நேரம் சவூதி நேரத்தை விட 2 மணித்தியாலம் 30 நிமிடம் முன்னால் இருக்கிறது. காலை 10 மணிக்குக் கட்டுநாயக்கவில் நகரும் விமானம் 6 மணித்தியாலம் எடுத்தால் நமது நேரம் மாலை 4 மணி. அப்போது ஜித்தாவில் பிற்பகல் 1.30. டிக்கட்டில் 10.00, 13.30 என்று இருக்கும். கழித்துப் பார்ப்பவருக்கு மூன்றரை மணித்தியாலம் போலத் தோன்றும்.

திரும்பும்போது தலைகீழ். இரவு 8 மணிக்கு ஜித்தாவில் நகரும் விமானம் 5 மணித்தியாலம் 20 நிமிடத்தில் வந்தால் சவூதி நேரம் 1.20. இங்கே அதிகாலை 3.50. டிக்கட்டைப் பார்த்தால் ஏறத்தாழ எட்டு மணித்தியாலப் பயணம் போலத் தெரியும். வேன் அனுப்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 3.50 என்பது மறுநாள் திகதி. திகதியைக் கவனிக்காமல் ஒரு நாள் முந்தியோ பிந்தியோ வேன் அனுப்பிய கதைகள் நம் ஊர்களில் நிறைய உண்டு.

டிக்கட்டின் உண்மையான நேரத்தைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இதுதான். சவூதி நேரம் எங்கிருந்தாலும் அதனுடன் இரண்டரை மணித்தியாலத்தைக் கூட்டி இலங்கை நேரமாக்குங்கள். பிறகு கழியுங்கள்.

சூரியன் சொல்லும் நேரம்: நோன்பும் தொழுகையும்

கடிகாரம் சொல்லும் வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம். சூரியன் சொல்லும் வித்தியாசம் கொஞ்சம் கூடுதல். பூமி மணித்தியாலத்துக்கு 15 பாகை சுழல்கிறது. இரு விமான நிலையங்களுக்கும் இடையில் நெட்டாங்கில் 40.7 பாகை. ஆகவே சூரியக் கணக்கில் 2 மணித்தியாலம் 43 நிமிடம். அந்த 13 நிமிட இடைவெளியால்தான் ஜித்தாவில் லுஹர் நேரம் கடிகாரத்தில் நம் ஊரை விடச் சற்றுப் பிந்தி வருகிறது.

ரமழானில் பயணிப்பவருக்கு இது முக்கியம். மார்ச் நடுப்பகுதியை எடுத்துக்கொள்வோம். இங்கே சுபஹ் 5 மணியளவில். மஃரிப் 6.20 தாண்டி. நோன்பு 13 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். சஹர் செய்துவிட்டுக் காலை விமானத்தில் ஜித்தாவுக்குப் போகிறவருக்கு மஃரிப் அங்கே மாலை 6.30 அளவில்தான். இலங்கை நேரப்படி அது இரவு 9 மணி. அவருடைய நோன்பு ஏறத்தாழ 16 மணித்தியாலம் ஆகிவிடுகிறது. இளைஞர் தாங்குவார். சீனி வருத்தமுள்ள முதியவர்? பயணிக்கு மார்க்கம் தந்த சலுகை இருக்கிறது என்பதை அவருக்கு முன்கூட்டியே நினைவூட்ட வேண்டியது பிள்ளைகளின் பொறுப்பு.

திரும்பும் வழியில் கதை மாறுகிறது. அதே மார்ச்சில் பிற்பகல் 1 மணிக்கு ஜித்தாவிலிருந்து புறப்பட்டால் சூரியன் நம்மை நோக்கி வருவது போல விரைவாக இறங்கும். சவூதி நேரம் மாலை 5 மணிக்கு முன்பே, அரபிக் கடலுக்கு மேலே, அது மறைந்துவிடும். நோன்பு பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் குறைவாக முடியும். இன்னொன்றும் உண்டு. 11 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பவருக்கு அடிவானம் தாழ்ந்து தெரிவதால், கீழே கடலில் சூரியன் மறைந்து பத்து நிமிடத்துக்கு மேலாகியும் யன்னலில் அது தெரிந்துகொண்டிருக்கும். விமானத்தில் இருப்பவர் தாம் இருக்கும் உயரத்தில் சூரியன் மறைவதைப் பார்த்தே நோன்பு திறக்க வேண்டும் என்பதே ஆலிம்கள் பொதுவாகச் சொல்லும் விளக்கம். கீழே உள்ள ஊரின் நேரத்தையோ கைக்கடிகாரத்தின் நேரத்தையோ பார்த்து அல்ல. ஐயமிருந்தால் உங்கள் மௌலவியிடம் பயணத்துக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மீகாத்: வானத்தில் ஒரு எல்லை

உம்ராப் பயணிக்கு முழுப் பயணத்திலும் மிக முக்கியமான சில நிமிடங்கள் கடைசியில் வருகின்றன. கிழக்கிலிருந்து ஜித்தாவுக்கு வரும் விமானங்கள் பெரும்பாலும் கர்னுல் மனாஸில் என்ற மீகாத்துக்கு மேலாக அல்லது அதற்கு நேராகக் கடக்கின்றன. தாயிப் அருகே இன்று அஸ்ஸைலுல் கபீர் என்று அழைக்கப்படும் இடம் அது. அங்கிருந்து ஜித்தா விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 130 கிலோமீற்றர்தான். தரையில் அது நீண்ட தூரம். விமானத்துக்கு அது கால் மணித்தியாலம், சுற்றி இறங்கினால் இன்னும் கொஞ்சம்.

அந்த நேரத்தில் விமானம் இறங்கிக்கொண்டிருக்கும். இருக்கைப் பட்டி விளக்கு எரியும். எழும்பக்கூடாது என்பார்கள். இருநூறு, முந்நூறு பேர் இருக்கும் விமானத்தில் கழிவறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மீகாத் அறிவிப்பு வந்த பிறகு இஹ்ராம் உடுக்கலாம் என்று காத்திருக்கும் ஆண்களுக்கு அது நடைமுறையில் முடியாத காரியம். மீகாத்தை இஹ்ராம் இன்றிக் கடந்தவர் திரும்பிப் போக வேண்டும் அல்லது பரிகாரமாகத் தம் கொடுக்க வேண்டும் என்பதே பெரும்பாலான ஆலிம்களின் தீர்ப்பு. ஆகவே துணியைக் கட்டுநாயக்கவிலேயே உடுத்துக்கொள்வதுதான் இலகு. டிரான்சிட் இருந்தால் டுபாயிலோ தோஹாவிலோ உடுக்கலாம். துணி உடுப்பது வேறு, நிய்யத் வைப்பது வேறு. நிய்யத்தையும் தல்பியாவையும் மீகாத் நெருங்கும்போது வைத்துக்கொள்ளலாம். அறிவிப்பு தெளிவாகக் கேட்காவிட்டால் திரையில் இறங்க இன்னும் 40, 45 நிமிடம் என்று காட்டும்போதே ஆயத்தமாகிவிடுங்கள். பேணுதலுக்காகக் கொஞ்சம் முந்துவதில் தவறில்லை. இஹ்ராம் துணியைப் பெரிய பொதிக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள். அது விமானத்தின் வயிற்றுக்குள் போய்விடும்.

முதலில் மதீனாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பதற்றம் இல்லை. கட்டுநாயக்கவிலிருந்து மதீனா விமான நிலையம் ஏறத்தாழ 4,690 கிலோமீற்றர். ஜித்தாவை விட 40 கிலோமீற்றர்தான் கூடுதல். அவர்கள் சாதாரண உடையில் போய், ஸியாரத் முடித்து, மக்காவுக்குப் புறப்படும்போது துல்ஹுலைபாவில் இஹ்ராம் வைக்கலாம். முதியவர்கள் அதிகமுள்ள குழுக்களுக்கு இந்த ஒழுங்கு வசதியானது என்பது என் கருத்து.

டிரான்சிட்: தூரம் 7 வீதம், நேரம் இரு மடங்கு

இப்போது இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். டுபாய் வழியாகப் போனால் தூரம் எவ்வளவு கூடும்? கட்டுநாயக்க – டுபாய் 3,290 கிலோமீற்றர். டுபாய் – ஜித்தா 1,700. மொத்தம் 4,990. நேரடித் தூரத்தை விட 340 கிலோமீற்றர், அதாவது 7 வீதம்தான் அதிகம். தோஹா வழியாக 3,610உம் 1,330உம். மொத்தம் 4,940. வரைபடத்தில் பார்த்தால் பெரிய சுற்று இல்லை. "போற வழிதானே" என்று ஏஜென்சியில் சொல்வதும் உண்மை.

ஆனால் நேரத்தைப் பாருங்கள். இரண்டு முறை ஊர்ந்து, இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்க வேண்டும். அதற்கே ஒன்றரை மணித்தியாலம் அளவில் கூடிவிடும். அதன் மேல் காத்திருப்பு. அது இரண்டு மணித்தியாலமாகவும் இருக்கலாம், பத்து மணித்தியாலமாகவும் இருக்கலாம். ஆறு மணித்தியாலப் பயணம் பத்தாகவும் பதினேழாகவும் நீள்வது இப்படித்தான்.

எங்கள் அயலில் ஒரு மூதாட்டி. முழங்கால் வலி, சீனி வருத்தம் இரண்டும் உண்டு. கடந்த சில ஆண்டுகளுக்குள் ஒரு குழுவோடு உம்ராவுக்குப் போனார். காசு கட்டும்போது வீட்டாருக்குச் சொல்லப்பட்டது "ஆறு ஏழு மணித்தியாலம்". டிரான்சிட்டில் ஒன்பது மணித்தியாலம் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஜித்தாவில் இறங்கும்போது கால் வீங்கி, செருப்புப் போட முடியவில்லை. அல்லாஹ்வின் உதவியால் உம்ராவை முடித்தார், சக்கர நாற்காலியில். தாமாக நடந்து தவாப் செய்ய வேண்டும் என்பது அவருடைய நாற்பது வருட ஆசை. நேரடி விமானத்துக்கான மேலதிகப் பணத்தைக் கொடுக்க அவருடைய பிள்ளைகள் தயாராகத்தான் இருந்தார்கள். அப்படி ஒரு தெரிவு இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

டிரான்சிட் பயணம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. விலை குறைவு என்பதால் எத்தனையோ குடும்பங்களுக்கு உம்ரா சாத்தியமாவதே அதனால்தான். சில முதியவர்களுக்கு இடையில் எழும்பி நடப்பது நல்லதும்கூட. நான் கேட்பது ஒன்றுதான்: தெரிந்து தெரிவு செய்யுங்கள். விற்பவர்களும் மறைக்காமல் சொல்லுங்கள்.

காத்திருப்பு மிகக் குறுகியதாக இருப்பதும் ஆபத்து. முதல் விமானம் அரை மணித்தியாலம் பிந்தினாலே இரண்டாவது போய்விடும். இரண்டு பயணமும் ஒரே டிக்கட்டில் இருந்தால் அடுத்த விமானத்தில் அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்த இரண்டு டிக்கட் என்றால் இழப்பு உங்களுடையது. முதியவர் இருக்கும் குழுவுக்கு இரண்டு முதல் நான்கு மணித்தியால இடைவெளி பொருத்தமானது.

உடம்பின் கணக்கு

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் உள்ளது போல் இருக்காது. 1,800 முதல் 2,400 மீற்றர் உயரமுள்ள மலையில் இருப்பது போலத்தான் இருக்கும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். அதாவது ஆறு மணித்தியாலம் நுவரெலியாவிலோ அதற்கும் சற்று மேலேயோ அசையாமல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அதுவும் பாலைவனம் போன்ற வரண்ட காற்றில். இருதய நோயும் சுவாச நோயும் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் புறப்படக்கூடாது.

நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்வதால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பயப்படத் தேவையில்லை, ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவுதான். ஆனால் பருமன் கூடியவர்களுக்கும், முன்பு இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கும் இது கூடும். மணித்தியாலத்துக்கு ஒரு முறை எழும்பி நடப்பது, இருந்த இடத்திலேயே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தண்ணீர் குடிப்பது என்பவை எளிய காப்புகள். கழிவறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பழக்கம் நம் உம்மாமாரிடம் அதிகம். அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இன்சுலினும் அன்றாட மாத்திரைகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பொதி தவறலாம், பிந்தலாம், அங்கே குளிரில் மருந்து கெடவும் கூடும். மருந்து நேரத்தை இலங்கை நேரத்திலா சவூதி நேரத்திலா தொடர்வது என்பதை வைத்தியரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலிலிருந்து வாசல் வரை

இறுதியாக, சாச்சாவின் ஒன்றரை நாள். அவர்தான் முழுக் கணக்கையும் சொன்னவர். கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ கட்டுநாயக்கவுக்கு முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். இரவு முழுக்க வேனில். 4,650 கிலோமீற்றரை ஆறு மணித்தியாலத்தில் பறக்கிற நமக்கு, அந்த முந்நூறு கிலோமீற்றருக்கு ஏழு எட்டு மணித்தியாலம் வேண்டும். விமானம் புறப்படுவதற்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். குழுவாகப் போனால் அதையும் விட முந்தி வரச் சொல்வார்கள். பிறகு ஆறு மணித்தியாலம் பறப்பு, அல்லது டிரான்சிட்டோடு பத்து முதல் பதினேழு. ஜித்தாவில் குடிவரவு, பொதி, பஸ் என்று இரண்டு மூன்று மணித்தியாலம். அங்கிருந்து மக்காவுக்கு வீதியால் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். 2018இல் தொடங்கிய ஹரமைன் அதிவேக ரயில் ஜித்தா விமான நிலையத்திலேயே நிற்கிறது. இடமும் நேரமும் பொருந்தினால் அது முதியவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

கூட்டிப் பாருங்கள். நேரடி விமானத்தில் போனாலும் கிழக்கு மாகாணத்தவருக்கு இருபது மணித்தியாலத்துக்குக் குறையாது. டிரான்சிட் என்றால் முப்பதைத் தாண்டலாம். இதைக் கழித்த கையோடு "உடனே உம்ரா" என்று முதியவர்களை இறக்கிவிடுவது சரிதானா என்பதைக் குழுத் தலைவர்கள் யோசிக்க வேண்டும். இஹ்ராமோடு அறைக்குப் போய், சாப்பிட்டு, சில மணித்தியாலம் தூங்கி எழுந்து உம்ரா செய்ய மார்க்கத்தில் தடையேதும் இல்லை.

உம்ரா முகவர்களிடம் பணிவாக ஒரு வேண்டுகோள். விளம்பரத்தில் ஹோட்டலுக்கும் ஹரத்துக்கும் இடையில் எத்தனை மீற்றர் என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். அதே எழுத்தில் இன்னும் மூன்றைப் போடுங்கள்: நேரடி விமானமா டிரான்சிட்டா, காத்திருப்பு எத்தனை மணித்தியாலம், கட்டுநாயக்கவில் நகர்ந்ததிலிருந்து ஜித்தாவில் நிற்கும் வரை மொத்தம் எத்தனை மணித்தியாலம். இதற்குச் செலவு எதுவும் இல்லை. நம்பிக்கைதான் கூடும்.

பிள்ளைகளிடமும் ஒன்று. காசு கட்டுவதற்கு முன் அந்த மூன்றையும் கேளுங்கள். பதிலை வாய்ச்சொல்லாக அன்றி எழுத்தில் வாங்குங்கள். பத்தாயிரம், இருபதாயிரம் ரூபா மிச்சம் பிடிப்பது பெரிதா, உம்மாவும் வாப்பாவும் தங்கள் சொந்தக் காலில் நடந்து கஃபாவைச் சுற்றுவது பெரிதா என்பதை, கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

இவ்வருடம் புறப்படும் அனைவரினதும் பயணத்தை அல்லாஹ் இலகுவாக்கி வைப்பானாக.